நவமியன்று எடுத்த படம்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா,

இதைப் படிக்கும் தாங்கள் யாரென்று நான் அறியேன். ஆயினும் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் நெடுநாள் நண்பராகவே தங்களைப் பாவித்துக்கொண்டு எழுதுகிறேன். பள்ளிப் படிப்பு எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. அதன்பின் கற்ற தமிழெல்லாம் நூலகத்து மர பெஞ்சில் நானே கற்றுக்கொண்டது. பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளவும்.

சென்ற வாரம் செஞ்சிக் கடைத்தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் அட்டையோடு போயிருந்தேன். எனக்கு முன்னால் கல்லூரியில் பாடம் நடத்தும் ஓர் அம்மையார் நின்றிருந்தார். இயந்திரம் அவருக்காக ஒரு வண்ணப் படத்தை மெதுவாக வெளியே தள்ளியது. கரிய வானத்தின் நடுவே, சாய்த்து வைத்த தாம்பாளம் போல ஒளிரும் பெரிய விண்மீன் திரள். ஆண்ட்ரோமீடா. கண்டவுடனே அடையாளம் தெரிந்துவிட்டது. நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டு அவர் மகிழ்ந்துபோனார்.

"எங்க வீட்டுத் தோட்டத்துலயே எடுத்தது சார். சின்ன டெலஸ்கோப்தான். நெறைய படம் எடுத்து கம்ப்யூட்டர்ல ஒண்ணா சேத்துட்டேன். தெரு லைட்டு வெளிச்சத்த எல்லாம் அதுவே கழிச்சுடுது."

"எடுக்கும்போது பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களாம்மா?"

"எதுக்கு சார்? அது பாட்டுக்கு நட்சத்திரத்த புடிச்சுக்கினு போவுது. நான் உள்ள போயி தோசை ஊத்தி சாப்ட்டுட்டு வந்தேன்."

தோசை ஊற்றிச் சாப்பிட்டாராம். "நல்லா இருக்குதும்மா" என்று சொன்னேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்லுவதற்குள் எனக்கு வாய் புளித்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்த கிழவன், மகள் வயதுப் பெண்மணியைப் பார்த்துப் பொறாமைப்படுவது அழகன்று என்பதை நான் அறிவேன். அறிந்து என்ன பயன்? வீடு வந்து சேரும்வரை அந்தத் தோசை என் கூடவே வந்தது.

அந்தத் தாளில் எந்த வாசனையும் இல்லை. அதுவும் எனக்குக் குறையாகத்தான் பட்டது. எங்கள் காலத்துப் புகைப்படத்துக்கு வாசனை உண்டு. ஹைப்போ என்று ஓர் உப்புக் கரைசல். புளித்த மோரும் துருப்பிடித்த ஆணியும் சேர்ந்தாற்போல ஒரு நெடி. பிம்பத்தை நிலைநிறுத்துவது அதுதான். அறுபதுகளில் கடைத்தெரு ஸ்டூடியோ ஒன்றின் இருட்டறையில் படம் கழுவும் வேலையில் நான் இருந்தபோது, அந்த நெடி என் விரல்களை விட்டுப் போனதே இல்லை. நான் பொட்டலம் பிரித்து நீட்டும் பக்கோடாவை நண்பர்கள் தயங்கித் தயங்கித்தான் எடுப்பார்கள்.

இருட்டறை என்பது முன்பு விறகு அடுக்கியிருந்த இடம். ஸ்டூடியோவின் முன்பக்கத்தில், நல்ல வெளிச்சம் விழும் ஜன்னலோரத்தில், டச்சிங் முனுசாமி அண்ணன் உட்கார்ந்திருப்பார். டச்சிங் என்றால் என்னவென்று இக்காலத்தவருக்குச் சொல்ல வேண்டும். அப்போது நெகட்டிவ் என்பது கண்ணாடித் தகடு. அதில் வெள்ளை கருப்பாகவும் கருப்பு வெள்ளையாகவும் இருக்கும். சாய்ந்த சட்டத்தில் அதைப் பொருத்தி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தின் குறைகளை நிரப்புவார். வேண்டாத கறுப்பைச் சிறு கத்தி முனையால் சுரண்டி எடுப்பார். பெண் பார்க்க அனுப்பும் படங்களில் அம்மைத் தழும்பெல்லாம் அவர் கையால்தான் மறையும். பிறகு கல்யாணத்தில் மாப்பிள்ளை திகைத்தால் அதற்கு ஸ்டூடியோ பொறுப்பில்லை.

படம் வாங்க வருகிறவர்கள் அவரைத்தான் கும்பிடுவார்கள். "அண்ணே, என் பொண்ண ராணி மாரி ஆக்கிட்டீங்க" என்பார்கள். அதே படத்தைக் கழுவியவன் திரைக்குப் பின்னால் ஈரக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அவர் வெளிச்சத்தில், நான் இருட்டில். பொறாமைக்கு இதைவிடச் சிறந்த விளைநிலம் கிடைக்காது.

தனபாலை எனக்குத் தெரிந்தது ஃபிலிம் கழுவ அவன் வந்தபோதுதான். பலசரக்குக் கடைக்காரர் மகன். என் வயது. சென்னையில் கல்லூரிக்குப் போனவனை, கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அவன் நைனா பாதியில் திருப்பி அழைத்துவிட்டார். வரும்போது மூர் மார்க்கெட்டில் வாங்கிய ஒரு தொலைநோக்கிக் கண்ணாடியையும், விண்மீன் திரள்களைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தையும் கொண்டுவந்தான். தகரக் குழாய் அடித்து, பழைய மாட்டு வண்டி அச்சைச் சாய்வாகப் புழக்கடையில் சுண்ணாம்பு வைத்துக் கட்டி, அதன்மேல் தொலைநோக்கியை ஏற்றினான். அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த நட்சத்திரம் அடிவானத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். அதை மறைத்த தென்னை மட்டைகளை வெட்டியதற்காக அவன் அம்மா அவனோடு பல நாள் பேசவில்லை.

குழாயின் முதுகில் எங்கள் ஸ்டூடியோவின் பழைய மரக் காமிராவைக் கட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான். முதலாளியிடம் கெஞ்சி அதை வாங்கி வந்தவனும், எந்தத் தகடு மங்கிய ஒளியை நன்றாகப் பிடிக்கும் என்று தேர்ந்தவனும் நானே. ஆண்ட்ரோமீடாவைப் பிடிக்க ஒரு மணி நேரம் காமிராவைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் வானம் நகர்ந்துவிடும். ஆகவே ஒருவர் தொலைநோக்கியில் கண் வைத்து, குறுக்கும் நெடுக்கும் கட்டிய இரண்டு நூல்கள் வெட்டும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது விலக விலக, அச்சோடு பிணைத்த தையல் இயந்திரக் கைப்பிடி ஒன்றை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் படம் எடுப்பது. மற்றதெல்லாம் எடுபிடி வேலை.

அந்த இடத்தில் ஒரே ஒரு முறை நான் உட்கார வேண்டும். நானே பிடித்து, நானே கழுவி, இது நான் எடுத்தது என்று சொல்ல வேண்டும். அந்த வருடம் எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

ஆனால் தனபால் நாள் குறித்தது அமாவாசைக்கு. "நல்ல காரியம்னா நெறைஞ்ச அமாவாசையில தொடங்குடா" என்பது அவன் நைனாவின் கட்டளை. அமாவாசையில் நிலா இல்லை என்பது புத்தகத்தின் கூற்று. சாஸ்திரமும் விஞ்ஞானமும் ஒத்துப்போவது எங்கள் ஊரில் அபூர்வம். ஆகவே யாரும் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அமாவாசைதோறும் செல்லும் கூட்டத்தைத் தாங்கள் அறிந்திருக்கலாம். அந்தக் கூட்டமெல்லாம் எங்கள் ஊரில்தான் பஸ் மாறும். பொழுது சாய்ந்தால் ஸ்பெஷல் பஸ்கள் வரிசை கட்டும். மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாகக் குடும்பம் குடும்பமாக ஸ்டூடியோவுக்குள் நுழைந்து படம் எடுத்துக்கொள்வார்கள். விடிந்து திரும்பும்போது படம் கையில் இருக்க வேண்டும். முதலாளியிடம் ஒருமுறை விடுப்புக் கேட்டுப் பார்த்தேன்.

"அமாவாசையில லீவா? பூசாரியே லீவு கேக்கமாட்டான், நீ கேக்கற" என்றார்.

முனுசாமி அண்ணனுக்கோ, சூரியன் மறைந்தால் வேலை இல்லை. கை நடுங்காத மனிதர் வேறு. அவரைப் பற்றி என்னிடமே விசாரித்துத் தெரிந்துகொண்டு, தனபால் கைப்பிடியை அவரிடம் ஒப்படைத்துவிட்டான்.

ஐப்பசி அமாவாசையில் மேகம். கார்த்திகை அமாவாசையில் வானம் தெளிவு. தெருவில் பஸ் விளக்கும் புழுதியும். மறுநாள் காலையில் தகட்டை என்னிடம் நீட்டி, "பாத்துக் கழுவுப்பா" என்றார் அண்ணன். கழுவினேன். தகடு முழுதும் சாம்பல் பூத்தாற்போல ஒரே மூட்டம்.

"டெவலப்பர் பழசோ இன்னாவோ" என்றார். புழுதியைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் கதை சொன்னார். "சும்மா சொல்லக்கூடாது. அந்த நட்சத்திரம் நூலு மேல உக்காந்துக்கினு நடுங்குது பாரு, பச்ச கொழந்த மாரி. கொஞ்சம் அசந்தா ஓடிடும். நான் விடுவனா?"

நான் திரைக்குப் பின்னால் நின்று, காலித் தட்டுகளைத் தேவைக்கு மேல் தேய்த்துக் கழுவினேன்.

இன்னொன்றும் உண்டு. அண்ணன் தனபால் வீட்டுக்குள் கடை வழியாகவே போவார். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் பகுதியிலிருந்து வருகிறவர்கள் அவ்வாறு போவது அப்போது வழக்கமில்லை. நான் பின்சந்து வழியாகச் சுற்றிப்போய்ப் புழக்கடைக் கதவைத் தட்டுவேன். தனபால் தானே ஓடிவந்து திறப்பான். அதில் அவனைக் குறை சொல்லமாட்டேன். சொல்லத் தோன்றியதால் சொல்லி வைக்கிறேன்.

மார்கழியில் ஒருநாள் தொண்டூரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். இறந்தவரை நாற்காலியில் அமர்த்தி மாலை போட்டுப் படம் எடுப்பது அப்போதைய வழக்கம். படம் பிடிப்பவருக்குக் காய்ச்சல் என்பதால் முதலாளி என்னை அனுப்பினார். எடுத்து முடித்துச் சைக்கிளில் திரும்புகையில் பொழுது போய்விட்டது. ஏரிக்கரை அருகே சங்கிலி கழன்றது. கையில் மசியோடு அதை மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். தலைக்கு மேலே, சற்று வடமேற்கில், வெறும் கண்ணுக்கே ஆண்ட்ரோமீடா தெரிந்தது. சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்த இடம் போல ஒரு வெண்மை. மை கொட்டியது போன்ற இருட்டு. பஸ் இல்லை, புழுதி இல்லை.

அன்று அமாவாசை இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அன்று தேய்பிறை அஷ்டமி. நிலா நடுநிசிக்குத்தான் எழும். அதற்கு முந்தைய மாலை முழுவதும் அமாவாசைக்குக் குறையாத இருட்டுத்தான். தேய்பிறையில் நிலா பிந்தி வருமென்பது எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? தெரிந்திருந்தும், அஷ்டமி நவமியில் எதையும் தொடங்கக் கூடாது என்ற ஒன்றினால், அந்த இரவுகளை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஊரிலேயே வெளிச்சம் மிகுந்த இரவைத் தேடிப் பிடித்து வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலையில் தனபாலிடம் சொன்னேன். கையிலிருந்த எடைக்கல்லைத் தராசில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னிக்கே எடுத்துடலாமா?" என்றான்.

"இன்னிக்கு நவமி."

"நைனாவுக்குத் தெரியவேணாம். முனுசாமி அண்ணன வரச் சொல்லு."

சொன்னேன். என் கடமையிலிருந்து நான் வழுவவில்லை. அண்ணன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நவமியிலயா? இன்னிக்கு நான் புது பென்சில் சீவறதே இல்லப்பா. கொழந்த குட்டி இருக்குது எனக்கு. வேணும்னா நீ போய் உக்காரு."

ஐயா, அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பல நாள் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். கண் வைத்தேன். நட்சத்திரம் நூல்களின் நடுவே நடுங்கியது. அண்ணன் சொன்ன பச்சைக் குழந்தை என்ற உவமை சரியானதுதான் என்று தெரிந்தபோது, அதற்கும் எனக்கு எரிச்சலே வந்தது. வேறு உவமை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மார்கழிப் பனி காமிராக் கண்ணாடியில் படியாதிருக்க, தனபால் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே நின்றான். உள்ளேயிருந்து அவன் நைனாவின் இருமல் கேட்டது.

"யார்ரா அங்க?"

"பூனை நைனா."

"பூனைக்கு எதுக்குடா விசிறி?"

"கொசு நைனா. பூனைக்கு இல்ல, எனக்கு."

நான் சிரிப்பை அடக்கினேன். சிரித்தால் கை அசையும். கைப்பிடி அசைந்தால் நட்சத்திரம் கோடாகிவிடும். கழுத்து மரத்தது, கண்ணில் நீர் வழிந்தது. கிழக்குத் தெருவில் யாரோ மாட்டை அதட்டும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு யார்மேலும் பொறாமை இருக்கவில்லை. அதைப் போன்ற இன்னொரு மணி நேரம் என் வாழ்வில் வாய்த்ததாக நினைவில்லை.

அன்றே ஸ்டூடியோவைத் திறந்து தகட்டைக் கழுவினேன். ஹைப்போவிலிருந்து எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தேன். கண்ணாடியில் கறுப்பாக, சாய்ந்த நீள்வட்டமாக, அது இருந்தது. சுற்றிலும் மிளகுப் பொடி தூவினாற்போல நட்சத்திரப் புள்ளிகள். ஒன்றுகூடக் கோடாக இழுபடவில்லை. பெரிய திரளை ஒட்டி இரண்டு சிறு மங்கல்கள் மட்டும் புள்ளியாகவும் இல்லாமல் கோடாகவும் இல்லாமல் இருந்தன. காலையில் தனபாலிடம் கேட்கலாம் என்று எண்ணி, தகட்டை ஜன்னலோர மரச்சட்டத்தில் காய வைத்துவிட்டுப் போனேன். தகடுகள் காய்வது எப்போதும் அங்கேதான். காய்ந்த தகடு நேரே டச்சிங்குக்குப் போவது ஸ்டூடியோ வழக்கம்.

காலையில் நான் போவதற்குள் அண்ணன் வந்து வேலையைத் தொடங்கியிருந்தார். தசமி, நல்ல நாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சட்டத்தைத் திருப்பிக் காட்டினார்.

"படம் அருமையா வந்துக்குதுப்பா. நான் ஒத்துக்கறேன். ரெண்டு எடத்துல மட்டும் கறை. நவமியில எடுத்தா வேற இன்னா ஆவும்? நட்சத்திரம் ஒண்ணக்கூட தொடலடா. கறைய மட்டும் சீவிட்டு, பென்சில் போட்டு சமமாக்கிட்டேன். இப்ப பாரு, கல்யாணப் பொண்ணு கணக்கா."

உண்மையான அன்போடு செய்த வேலை அது. கண்ணாடியில் அந்த இரண்டு இடங்களும் துடைத்துவிட்டாற்போல இருந்தன.

சற்று நேரத்தில் தனபால் புத்தகத்தோடு ஓடிவந்தான். தகட்டைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான். "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு இருக்கணுமே" என்றான். அண்ணன் கையிலிருந்த கத்தியைக் கண்டான். பிறகு அவனே புரிந்துகொண்டு மெல்லச் சொன்னான். "அதுங்களும் இது மாரிதாண்ணே. சின்ன திரளுங்க. சின்னதுன்னாலும் ஒவ்வொண்ணுலயும் கோடி கோடியா நட்சத்திரம்."

அண்ணன் கத்தி முனையைப் பார்த்தார். மடிமேல் விரித்திருந்த துணியைப் பார்த்தார். சீவிய தூள் அதில் இல்லை.

"ஊதிட்டேனே தம்பி" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. ஆனால் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். மாலைக்குள் ஊர் முழுதும் செய்தி பரவிவிட்டது. டீக்கடையில் அண்ணனைக் கண்டதும், "இன்னா முனுசாமி, ரெண்டு ஒலகத்த ஊதிட்டியாமே. எங்க கடன்காரனயும் கொஞ்சம் ஊதேன்" என்றார்கள். முதலாளி சாமர்த்தியசாலி. படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டூடியோ முகப்பில் மாட்டிவிட்டார். ஜனங்கள் வந்து நின்று, இருக்கும் திரளை விட்டுவிட்டு, இல்லாத இரண்டையும் தேடினார்கள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "இதோ, இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு இருந்துது" என்று காட்டுவார். முதல் நாள் வருத்தமாகச் சொன்னார். போகப்போக நன்றாகச் சொன்னார்.

தனபாலின் நைனாவும் ஒருநாள் வந்து பார்த்தார். "எப்ப எடுத்தது?" என்று கேட்டார்.

"அமாவாசையில நைனா" என்றான் தனபால்.

"அப்பவே சொன்னன்ல. அதான் நல்லா வந்துக்குது."

அமாவாசை என்றால் கைப்பிடியில் இருந்தவர் முனுசாமி அண்ணன். அமாவாசை என்றால் நான் இருட்டறையில். ஊருக்கே தெரிந்த விஷயம். தனபாலைத் தனியே அழைத்துக் கேட்டேன். "நவமின்னு தெரிஞ்சா டெலஸ்கோப்பத் தூக்கிக் கெணத்துல போட்டுடுவாருடா. அமாவாசைன்னே இருக்கட்டும். உனக்கு இன்னா கொறஞ்சுடப்போவுது?" என்றான். நான் இருட்டறைக்குத் திரும்பினேன். யாராவது என்னைச் சுட்டி, "இவரு இன்னா பண்ணாரு?" என்று கேட்டால் அண்ணனே பெருந்தன்மையாகப் பதில் சொல்வார்: "அவன்தான் கழுவினான்."

அடுத்த பருவத்தில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதற்குள் தனபாலுக்குக் கல்யாணம் முடித்துத் திண்டிவனத்தில் புதிதாகக் கடை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். வண்டி அச்சு நின்ற இடத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கினார்கள். தொலைநோக்கிக் கண்ணாடி அவனோடு போயிற்று. போன இடத்தில் அதை மேலே தூக்கிப் பார்த்ததாக அவன் ஒருபோதும் சொல்லவில்லை. ஸ்டூடியோவை மூடியபோது பழைய தகடுகளையெல்லாம் படத்துக்குச் சட்டம் போடுகிறவர் எடுத்துச் சென்றார். வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் நெகட்டிவ் வெறும் கண்ணாடி ஆகிவிடும். அந்த நவமி இரவு இப்போது எந்த வீட்டில், எந்தச் சாமி படத்துக்கு முன்னால் கண்ணாடியாக இருக்கிறதோ தெரியாது. முகப்பில் மாட்டிய படமோ வெயிலில் பழுத்து, சுவர் நிறத்துக்கே வந்து, ஒருநாள் காணாமற்போயிற்று.

தனபால் போய்ச் சேர்ந்தான். பிறகு முனுசாமி அண்ணனும் போனார். அவர் சாவுக்குப் போயிருந்தேன். பந்தலின் கீழ் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் மருமகன் சொல்லிக்கொண்டிருந்தார்: "மாமா அந்தக் காலத்துலயே வானத்த போட்டோ புடிச்சவரு. அமாவாசையில, ஒரு மணி நேரம் கண்ண எடுக்காம." எல்லாரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். சாவு வீட்டில் திதியைப் பற்றி வாதிடுவது முறையன்று. ஆனாலும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், இறந்துபோன மனிதரைப் பார்த்து, எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கடைத்தெருவிலிருந்து ராஜகிரிக் கோட்டை மலையடிவாரம் வரை இப்போது விளக்குகள். பெட்ரோல் பங்கில் விடிய விடிய வெளிச்சம். மொட்டை மாடியில் நின்று பார்த்தால் பெரிய நட்சத்திரங்கள் சில தெரியும். சிலேட்டில் அழித்தாற்போன்ற அந்த வெண்மை தெரிவதில்லை. அமாவாசைக்கும் நவமிக்கும் எங்கள் ஊர் வானத்தில் இப்போது வேற்றுமை இல்லை.

படம் இல்லை, தகடு இல்லை, சாட்சி சொல்ல ஆளும் இல்லை. மார்கழித் தேய்பிறை நவமியன்று, தனபால் வீட்டுப் புழக்கடையில் கைப்பிடியில் இருந்தவன் இருட்டறைக்காரன் என்பது இந்தத் தாளைத் தவிர வேறெங்கும் எழுதப்படவில்லை. ஆகையால் இதைத் தூக்கிப் போட்டுவிடாமல் எங்கேனும் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.